பின்வரிசைத் தூண்கள்

நிலம் ஆடிய நாலாம் நாள், காலை ஏழு மணிக்கே தையல் கம்பெனிக்கு எதிர்ப்பக்க நடைபாதை நிரம்பிவிட்டது. இருநூறு பெண்களுக்குக் குறையாது. உள்ளே விட்டால் நேராக மிஷினில் உட்கார்ந்துவிடலாம் என்று பலர் சாப்பாட்டு டப்பாவோடு வந்திருந்தார்கள். கேட்டுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாடா கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் ஐந்து மாடிக் கட்டிடம், முன்பக்கத்தில் உடைந்த ஜன்னல்களைத் தவிர, எப்போதும் போலத்தான் நின்றது. ஆட்டம் வந்தது விடிகாலையில், ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால். அதனால் அங்கே ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆள் செத்த இடங்கள் ஊருக்குள் வேறு இருந்தன. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று நிறங்கள். அரசாங்க அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சுவரைப் பார்த்து, தூணைப் பார்த்து, வாசலில் ஒரு தாளை ஒட்டுவார்கள். பச்சை என்றால் வேலை. மஞ்சள் என்றால் அங்கே போ, இங்கே போகாதே. சிவப்பு என்றால் வீடு. துணி எடுக்கக்கூட இத்தனை நேரம் நிறம் பார்த்து உட்கார்ந்ததில்லை என்று ஒருத்தி சொன்னாள். சிரித்தவர்களும் கண்ணைக் கேட்டிலிருந்து எடுக்கவில்லை.

கொக்கி தன் மனைவிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கம்பி கட்டுகிற வேலை. கட்டுக்கம்பியை முறுக்கும் கொக்கியை எந்நேரமும் இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்ததால் வந்த பெயர். ஐம்பத்திரண்டு வயது. ஆட்டத்துக்குப் பிறகு கட்டுமான வேலைகள் எல்லாம் நின்றுபோனதில் அவரும் நாலு நாளாக வீட்டில்தான். மனைவி இந்தக் கம்பெனியின் இரண்டாவது மாடியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறும் தையல் பிழையும் பார்த்து அடுக்குகிற வேலை, ஆறு வருஷமாக.

எட்டரைக்கு ஜீப் வந்தது. இறங்கிய இன்ஜினியர் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பெல்லாம் சுண்ணாம்புத் தூசி. தொண்டை கட்டிப்போயிருந்தது. கையிலிருந்த அட்டையில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய கட்டிடங்கள் பதினொன்று எழுதியிருந்தன. தூணின் மேல்பூச்சை உடைத்து உள்ளே கம்பியைப் பார்க்க வேண்டும், சுத்தியும் உளியும் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டாள். கம்பியைத் தேடிக் காட்டும் மிஷின் ஒன்று உண்டு. அதை நாலு குழுக்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதால் இன்றைக்கு இவளிடம் இல்லை. மனைவி கொக்கியின் முழங்கையை இடித்தாள். ஒரு நாள் கூலி. அவர் எழுந்தார்.



பதினாலு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கட்டிடத்துக்குக் கம்பி கட்டியவர்களில் அவரும் ஒருவர். அது அவருக்கு மறந்து போனதே இல்லை. மனைவிக்கு இங்கே வேலை கிடைத்தபோதும் நினைவிருந்தது. ஆனால் கட்டிடம் நின்றுகொண்டுதானே இருந்தது. மேலும், இந்த ஒன்று மட்டுமா? இந்த ஊரில் அவர் கட்டிய கம்பியில் பாதிக்கு மேல் இதே லட்சணம்தான். எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருந்தால் ரோட்டில் நடக்க முடியாது.

மேனேஜர் முன்னால் நடந்தான். கீழ்த்தளத்தில் சுவர் கிடையாது. வெறும் தூண்கள், வண்டி நிறுத்த இடம், பின்பாதியில் துணி மூட்டைகளின் அடுக்கு. எப்போது வேண்டுமானாலும் அழப்போகிறவனைப் போல முகம் அவனுக்கு. முதலாளி வெளியூரில் இருந்துகொண்டு மணிக்கு மூன்று முறை போன் செய்கிறார். அவன் கையைக் காட்டிய தூண்கள் மூன்றும் முன்வரிசை. இன்ஜினியர் ஒரு கணம் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மூட்டைகள் கூரை வரைக்கும் இருந்தன. அதை எடுக்க வேண்டுமென்றால் அரைநாள் ஆகும், லோடு ஆட்கள் வரவில்லை என்றான் மேனேஜர். அவள் அட்டையைப் பார்த்தாள், பிறகு மணியைப் பார்த்தாள். சரி என்றாள்.

கொக்கி உளியை வைத்து அடித்தார். பூச்சு உதிர்ந்தது, பிறகு சிமெண்டு, பிறகு ஜல்லி. ஒன்றரை அங்குலத்தில் கம்பி தட்டுப்பட்டது. இன்ஜினியர் டேப்பை வைத்து அளந்தாள். நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங்குகள் நாலு அங்குலத்துக்கு ஒன்று. நுனி இரண்டும் உள்பக்கமாக மடங்கி, கான்கிரீட்டின் நடுவுக்குள் கொக்கி போட்டிருந்தன. அவள் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு நிம்மதி வந்தது. நல்லாக் கட்டியிருக்காங்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினாள்.

நன்றாகத்தான் கட்டியிருந்தது. முன்வரிசை கட்டின அன்றைக்குப் பெரிய இன்ஜினியர் ஒருத்தர் கூடவே நின்றார். அவர் போன மறுநாள் கான்ட்ராக்டர் வந்து, ரிங்கு தீர்ந்துகொண்டு வருகிறது, இனிமேல் எட்டு அங்குலத்துக்கு ஒன்று போதும் என்றான். நுனியை உள்ளே மடக்குவதற்கு ஒரு ரிங்குக்கு அரை நிமிஷம் கூட ஆகும்; அதற்கும் நேரமில்லை, சும்மா ஆங்கில எல் எழுத்து மாதிரி மடக்கிவிட்டால் போதும். கொக்கி ஒரு முறை சொல்லிப் பார்த்தார். நீ கட்டு, நான் பாத்துக்கறேன் என்றான் கான்ட்ராக்டர். கட்டினார். முப்பத்தெட்டு வயதில், மறுநாள் வேலைக்குக் கூப்பிடுகிறவனிடம் அதற்கு மேல் என்ன பேச முடியும்?

மூன்றாவது தூணை முடிக்கும்போது மதியமாகிவிட்டது. இன்ஜினியர் ஜீப்பில் உட்கார்ந்து அறிக்கையை எழுதத் தொடங்கினாள். கொக்கி முகத்தைக் கழுவிக்கொண்டு நடைபாதைக்கு வந்தார். பெண்கள் நாலைந்து பேர் உடனே சுற்றிக்கொண்டார்கள். பச்சைதானே அண்ணே, உங்க கண்ணால பாத்தீங்கல்ல, பச்சைதானே. அவர் பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு மனைவியிடம் போய் உட்கார்ந்தார். அவள் டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கை வைக்கவில்லை.

"என்னங்க?"

அவர் சொன்னார். குரலைத் தாழ்த்தி, சோற்றைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஆட்டத்தில் தூணின் மேல்தோல் உதிரும். அப்போது உள்ளே நெட்டுக்கு நிற்கிற கம்பிகளை ரிங்குதான் கட்டிப் பிடிக்க வேண்டும். அந்த ரிங்கு வாயைத் திறந்துகொண்டால் கம்பி வெளியே பிதுங்கிவிடும். அதற்கப்புறம் மேலே இருப்பது கீழே வந்துவிடும். கீழ்த்தளத்தில் சுவர் இல்லாததால் எல்லா ஆட்டமும் அந்தத் தூண்கள் மேல்தான்.

"எந்தத் தூணு?"

"பின்வரிசை முழுக்க. உங்க மாடிப்படி பக்கம்."

அவள் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மறுபடி மூடினாள். ஆறு வருஷமாக அவள் தினமும் மத்தியானம் தன் மாடியில் முதுகைச் சாய்த்து உட்காருகிற தூண் பின்வரிசையில்தான் இருந்தது. அங்கேதான் காற்று வரும்.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. சொன்னால் சிவப்பு ஒட்டிவிடுவார்கள், இத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு நின்றுபோகும், எல்லாரும் உங்களைத்தான் பேசுவார்கள், கம்பி வேலைக்கும் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாக, வேறு யாருக்கோ வந்த கஷ்டத்தைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு எதிரே பார்த்தாள். இரண்டாவது மாடியில் ஹெல்பராக இருக்கிற பெண், ஏழு மாதக் கர்ப்பம், சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள். "சாப்பிட்டுட்டுப் போங்க. அப்புறம் எப்ப சாப்பிடுவீங்களோ."

இன்ஜினியர் ஜீப்பில் பச்சைத் தாளை எடுத்துத் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். கொக்கி போய் நின்றதும், கூலியை மேனேஜரிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். பின்பக்கம் ஒரு தூணைத் திறந்து பார்க்கணும் மேடம் என்றார் அவர். மூன்று பார்த்தாயிற்று, விதிப்படி மூன்று போதும், இன்னும் பத்துக் கட்டிடம் பாக்கி இருக்கிறது என்றாள். சலிப்பு இருந்தது, கோபம் இல்லை. அவர் நகரவில்லை.

"அங்க எப்படி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் மேடம் கட்டினேன்."

அவள் பேனாவை மூடினாள்.

மேனேஜர் ஓடி வந்தான். மூட்டையை யார் எடுப்பது என்றான். முதலாளியைக் கேட்காமல் முடியாது என்றான். குடித்துவிட்டு உளறுகிறான் என்றான். கடைசியில் போனை எடுத்துக் கொக்கியின் முகத்துக்கு நேராக நீட்டிப் படம் எடுத்துக்கொண்டான். இன்ஜினியர் கேட்டைத் தாண்டி நடைபாதையைப் பார்த்து, மூட்டை எடுக்க ஆள் வேண்டும் என்றாள். பத்துப் பெண்கள் நாடாவுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார்கள். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் பச்சை என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். வரிசையாக நின்று மூட்டைகளை வாங்கி வாங்கி வெளியே போட்டார்கள்.

உளியே தேவைப்படவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் தூணின் உச்சியில், பீமோடு சேருகிற இடத்தில், ஒரு முழ உயரத்துக்குச் சிமெண்டு தானாகவே உதிர்ந்து கிடந்தது. உள்ளே கம்பிகள் தெரிந்தன. இரண்டு கம்பிகள் வயிறு தள்ளியவை போல வெளியே வளைந்திருந்தன. ரிங்கு ஒன்று வாயைப் பிளந்து நின்றது. அடுத்த ரிங்குக்கு டேப் ஒன்பது அங்குலம் காட்டியது. அடுத்த தூணும் அப்படியே. இன்ஜினியர் மேலே அண்ணாந்து பார்த்தாள். பிறகு உரக்க ஒன்றும் சொல்லாமல், எல்லாரும் மெதுவாக, ஒவ்வொருவராக வெளியே போகும்படி கையால் காட்டினாள். இரண்டு கையிலும் மூட்டையோடு நின்ற பெண் ஒருத்தி, அதை எங்கே வைப்பது என்று கேட்டாள். கீழே போட்டுவிட்டுப் போகச் சொன்னாள் இன்ஜினியர்.

சிவப்புத் தாளை ஒட்டியபோது நடைபாதையில் யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து பின்னால் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்கள். கொக்கியைக் கடக்கும்போது யாரும் அண்ணே என்று கூப்பிடவில்லை. கர்ப்பிணியை எழுப்பி விஷயத்தைச் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, பிரசவ லீவுச் சம்பளம் என்ன ஆகும் என்பதைத்தான்.

இரண்டு வாரம் கழித்து நஷ்டக் கணக்கு எடுப்பவர்கள் வந்தார்கள். காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய ஆட்கள். இரண்டு பேரும் மரியாதையானவர்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் குடை ஒன்றை நட்டு, மேஜை போட்டு, லேப்டாப்பை வைத்துக்கொண்டார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படம் எடுத்து வருவார்கள். வந்து உட்கார்ந்து எழுதுவார்கள். தூண் இத்தனை, சுவர் இத்தனை அடி, கண்ணாடி, லிப்ட், தண்ணீர்க் குழாய், மிஷின்கள், நனைந்து போன துணி, உற்பத்தி நின்ற நாட்கள். கொக்கியை வரச்சொல்லியிருந்தார்கள். மனைவியும் கூட வந்தாள்.

கொக்கி சொன்னதை அந்த இருவரில் பெரியவர் எழுதிக்கொண்டார். கான்ட்ராக்டர் பெயரைக் கொக்கி இரண்டு முறை சொன்னார். அந்தப் பெயரில் இப்போது கம்பெனி எதுவும் பதிவில் இல்லை என்றார் பெரியவர். அதனால் கான்ட்ராக்டர் என்ற கட்டத்தை நிரப்ப முடியாது. காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. காலியாக இருந்தால் லேப்டாப் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அவர் சற்று யோசித்து, கம்பி வேலையில் தொழிலாளியின் குறைபாடு என்று எழுதினார். ஒப்புதல் வாக்குமூலம் உண்டு என்று பக்கத்தில் ஒரு டிக் போட்டார். கொக்கி கையெழுத்துப் போட்டார். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். பொய் என்று சொல்லவும் அதில் ஒன்றுமில்லை.

மனைவி மேஜைக்கு நெருங்கி வந்தாள்.

"எங்க நஷ்டத்த இதுல எங்க எழுதுவீங்க?"

அந்த மனிதர் அவமதிக்கவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே தள்ளிக்கொண்டே போய், கடைசி வரி வரைக்கும் காட்டினார். பிறகு, இதுல அந்த மாதிரி வரி இல்லம்மா என்றார். அவள் திரையில் இன்னும் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, சரிங்க என்றாள்.

கம்பி வேலைக்குக் கூப்பிடுவது அவள் சொன்னது போலவே நின்றுபோனது. மேனேஜர் எடுத்த படம் எத்தனை போனுக்குப் போனதோ, ஒவ்வொரு மேஸ்திரியும் அவரைப் பார்த்ததும் வேறு வேலையாக இருந்தான். ஒருவன் மட்டும் வெளிப்படையாக, நாளைக்கு என்னையும் காட்டிக் குடுக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம் என்று கேட்டான். கொக்கி லாரி ஷெட்டில் சுமை தூக்கப் போனார். சாயங்காலம் வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பார். மனைவி வந்து கழற்றிவிடுவாள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரர் கட்டாமல் இருந்திருக்கணும், இல்லை சொல்லாமல் இருந்திருக்கணும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை அவள் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் அது வேறு வழியில் வந்து சேர்ந்தது.

ஏழாவது வாரம் மனைவிக்குப் போன் வந்தது. கம்பெனி மறுபடி ஆரம்பிக்கிறது, இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இடம் பிடித்திருக்கிறார்கள், திங்கட்கிழமை வரவேண்டும். அவள் போனை வைத்துவிட்டு வெகுநாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். கொக்கி சட்டையை மாட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். நாலு மாடி. கீழே சுவரில்லை, தூண்கள்தான். சாரம் கட்டி ஆட்கள் முன்பக்கம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. சுற்றி வந்து பார்த்தார். எந்தத் தாளும் ஒட்டிக் கிழித்த தடம்கூட இல்லை.

மறுநாள் இன்ஜினியரின் அலுவலகத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்; உட்காரச் சொன்னாள். மேஜையில் காகிதங்களுக்கு நடுவே பாதி கடித்த ரொட்டி ஒன்று காய்ந்து கிடந்தது. பட்டியலைப் பல பக்கம் புரட்டினாள். அந்தக் கட்டிடம் இல்லை. ஆட்டத்தின்போது காலியாக இருந்த கட்டிடங்களை உரிமையாளர் கேட்டால்தான் பார்ப்பார்கள், அவர் கேட்கவில்லை. குடியிருப்பவர்கள் புகார் கொடுக்கலாம், ஆனால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை. வேலை செய்கிறவர்கள் கொடுக்கலாம். பெயரும் விலாசமும் எழுத வேண்டும்.

"குடுத்தா எப்ப வருவீங்க மேடம்?"

அவள் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். "முந்நூத்தி நாப்பது பாக்கி இருக்கு. எங்க ஆள்ல ரெண்டு பேர் வேலைய விட்டுட்டாங்க. நாலு மாசம் ஆகும்." பட்டியலை மூடிவிட்டு, "நான் பொய் சொல்லல," என்றாள்.

புகார்த் தாளை வாங்கி வந்து வீட்டில் வைத்தார். மனைவி அதை வாசித்தாள். பெயர் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். வீட்டு வாடகை இரண்டு மாதம் நின்றிருந்தது. பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். விலாசம் எழுதினாள். திங்கட்கிழமைக்கு என்ன உடுத்துவது என்று பெட்டியைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி ஷெட்டிலிருந்து எட்டுப் பேரை மிஷின் ஏற்ற அனுப்பினார்கள். கொக்கியும் ஒருவர். மிஷின்களை எடுக்கப் பழைய கட்டிடத்துக்குள் யார் எப்படிப் போனார்கள், யார் அனுமதி கொடுத்தது என்று தெரியாது. மிஷின்கள் ஏற்கெனவே லாரியில் இருந்தன. மேஜையோடு ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். படி குறுகல். மூன்றாவது மாடி. மாலைக்குள் நூற்றுப்பத்து மிஷின்களை ஏற்றி, வரிசை வரிசையாக நகர்த்தி, மேனேஜர் காட்டிய கோட்டில் வைத்தார்கள். அவன் கொக்கியைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான். தூண்களில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. யார் தோளாவது உரசிவிடப் போகிறது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். முப்பது மிஷின்களுக்கு இன்னும் கரண்ட் லைன் இழுக்க வேண்டியிருந்ததால், மேஜைகளை நகர்த்திக் கொடுக்க மறுநாள் காலையும் இரண்டு பேரை வரச்சொன்னான். கொக்கி வந்தார்.

எட்டு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். தங்கள் மிஷினைத் தேடிக் கண்டுபிடித்து, துடைத்து, ஊசியில் நூல் கோத்தார்கள். கர்ப்பமாக இருந்தவள் வரவில்லை. அவள் இடத்தில் வேறொருத்தி. மனைவி ஜன்னலோரம் செக்கிங் மேஜையில் போய் நின்றாள். மெயின் ஸ்விட்சைப் போட்டார்கள். எண்பது மிஷின்களும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. தரை காலுக்கடியில் மெல்ல அதிர்ந்தது. முதல் அரைமணியில் வெள்ளைச் சட்டைகள் அவள் மேஜைக்கு வர ஆரம்பித்தன. மேலே பீமும் கூரையும் சேருகிற கோட்டிலிருந்து, மாவு சலிப்பது போல, மெல்லிய சிமெண்டுத் தூள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். காலரைப் பார்த்தாள், கைத்தையலைப் பார்த்தாள், குனிந்து வாயால் தூசியை ஊதினாள், மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். ஊதினாள்.